தொரையின் ரைட்டும் நம் சுனையும்

அன்புள்ள ‘ஏனுங்க’வுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை நான் கூப்பிட்டது இப்படித்தான். காகிதத்திலாவது சொந்தப் பெயரை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் எழுத்திலேயே பேனா நின்றுவிட்டது. போகட்டும். நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இருந்த ஆள் நீங்கள் ஒருவர்தானே.

இங்கே எல்லாரும் சுகம். பலா பழுக்கத் தொடங்கிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த வாசனைதான். மிளகு காய்ந்து மூட்டைக்குப் போய்விட்டது. மழை காலாகாலத்தில் பெய்தால் சாமைக்குக் கவலையில்லை. கடலுக்கு அப்பால் எங்கோ சண்டை நடக்கிறதாம். மண்ணெண்ணெய் வாங்கப் போகிற இடத்தில்தான் அது எங்களுக்குத் தெரிகிறது.

போன வாரம் சேந்தமங்கலம் போனேன், செல்லத்தைப் பள்ளிக்கூட லீவுக்கு அழைத்து வர. நம் மகள் உங்கள் அண்ணன் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். அடிவாரம் வரைக்கும் இப்போது பஸ் வருகிறது, உங்களுக்குத் தெரியாது. பெட்ரோல் கிடைக்காததால் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, ஆஸ்துமாக்காரர் மாதிரி இருமிக்கொண்டே ஓடுகிறது. நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் தகரத்தைத் தட்டி, “ரைட்!” என்றான்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பக்கத்துப் பெரியவர் பயந்துவிட்டார்.

“ஏனுங்கம்மா, என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டுக்காரரு ஞாபகம்.”

அவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எப்படிச் சொல்வது, அந்த ஒரு வார்த்தையோடு நீங்கள் இந்த மலையில் பட்ட பாட்டை?

நாலைந்து ஊர் சேர்ந்தாலே நாடு என்கிற இந்த மலையில், எடப்புளி நாட்டுக்கு நாம் வந்த புதிது அது. சமவெளியில் கரும்பும் நெல்லும் பார்த்த குடும்பம் நம்முடையது. பாரஸ்ட் ஆபீசில் கிளார்க் வேலை, வெள்ளைக்காரத் தொரை முகாம் வரும்போது அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் வேலை, இரண்டும் உங்களுக்குக் கிடைத்தன. பள்ளிக்கூடத்து இங்கிலீஷை நம்பி மலையேறினீர்கள். நானும் கூடவே மூச்சு வாங்க ஏறினேன். ஆபீசுக்குப் பின்னால் ஒரு கூரை ஊடு, சாயங்காலமானால் வாசல் தெரியாத அளவுக்குப் பனி. எனக்கு அங்கே பேச்சுத் துணை நீங்களும், சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் எதிரே வருகிற கொங்காயி அக்காளும்தான்.

முதல் நாளே தொரை உங்களைக் கவிழ்த்துவிட்டார். மட்டக்குதிரையில் ஏறி உட்கார்ந்து, “ரைட்!” என்றாராம். புறப்படலாம் என்று அர்த்தம். நீங்கள் முன்னால் வழிகாட்டிப் போகிறவர். வலது பக்கம் திரும்பச் சொல்கிறார் என்று எண்ணி நேராக உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்துவிட்டீர்கள். குதிரையும் உங்களை நம்பிப் பின்னாலேயே வந்துவிட்டது. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து முள் கீறிய முழங்கையைக் காட்டிச் சொன்னபோது, எண்ணெய் தடவ வந்த நான் சிரித்த சிரிப்பில் கிண்ணம் கவிழ்ந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு புது ரைட்டோடு வருவீர்கள். பாறையில் வழுக்கி விழுந்தீர்கள் ஒரு தரம். தொரை குனிந்து, “ஆர் யூ ஆல் ரைட்?” என்று கேட்டாராம். ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரிக்கிறார் மனுஷர். நீங்களோ, உடம்பு முழுக்கச் சரிதானா என்று கேட்பதாக நினைத்து, “முழங்கால் மட்டும் சரியில்லீங்க, பாக்கியெல்லாம் சரிதானுங்க” என்று இங்கிலீஷில் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அவர் அன்று முழுக்க உங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாராம்.

“சோத்துக்கைக்கும் அதுதான், சரிக்கும் அதுதான், கிளம்புன்னாலும் அதுதான். ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு எப்படீங்க குடும்பம் நடத்தறாங்க அவங்க?” என்று நான் கேட்டேன்.

“நம்ம ‘படி’ மட்டும் என்னவாம்? படியேறி வந்து, படியில அரிசி அளந்து போட்டுட்டு, அப்புறம் படிக்க உக்காருன்னா, தொரை தலையப் பிச்சுக்குவாரு” என்றீர்கள். அன்றைக்கு நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

ஆனால் ஒரு சாயங்காலம் நீங்கள் சிரிக்காமல் வந்தீர்கள். காட்டுக்கு எல்லைக்கல் நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. சாய்ந்திருந்த ஒரு கல்லைக் காட்டி, அதை ரைட்டாக வைக்கச் சொல்லியிருக்கிறார் தொரை. மேஸ்திரிக்குத் தெரிந்த இங்கிலீஷ் சோத்துக்கை வரைக்கும்தான். கல்லைப் பிடுங்கி வலது பக்கம் நகர்த்த ஆட்களை ஏவிவிட்டார். நீங்கள் ஓடிப்போய்த் தடுத்தீர்கள். “நிமித்தி நடச் சொல்றாருங்க, நகத்தச் சொல்லலீங்க!”

“கொஞ்ச தூரம் தள்ளியிருந்தா ஒருத்தன் கொல்லை போயிருக்கும் மங்கா,” என்றீர்கள் என்னிடம். “ஒரு வார்த்தையில போயிருக்கும்.”

அந்தக் கற்கள் மேலே மேலே வந்து கடைசியில் நம் சுனைக்குச் சற்றுக் கீழே நின்றன. போட்ட கோட்டின்படி சுனையும், அதைச் சுற்றிய பலா மரங்களும், மேல் சரிவில் மாடு மேயும் புல்லும் காட்டுக்குள் போய்விடும். இங்கிருக்கிற ஏழெட்டுக் குடும்பங்களுக்கும் குடிக்கிற தண்ணீர் அந்தச் சுனைதான். கல்லை நிரந்தரமாக ஊன்றுவதற்கு முன்னால் ஊராரை விசாரிக்க வேண்டும் என்று விதியாம். தொரை விசாரணைக்கு வருவதாகச் செய்தி வந்தது.

முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் கொங்காயி அக்காள் நம் வாசலுக்கு வந்தாள். புருஷனை இழந்து, தனியாக ஏர் பிடித்துச் சாமை விதைத்து, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். ஊரில் ஆண்கள் தயங்குகிற இடத்தில் அவள்தான் பேசுவாள்.

“சாமி, நாளைக்கு தொரை என்னமோ கேப்பாராமே. என்ன கேப்பாருங்க? என்ன சொல்லோணும்?”

“நான் அங்க அவரு வாய், உங்க வாய், ரெண்டுதானுங்க அக்கா. என் வாய் அங்க கெடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க,” என்றீர்கள். அவள் போன பிறகு சாப்பிட உட்கார்ந்து, களியைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். நீங்களாகப் பேசி வேலை போய்விட்டால் கீழே போய்க் கரும்பு வெட்டலாம், அதற்கென்ன என்று சொல்ல நினைத்தேன். ஏனோ சொல்லவில்லை.

விசாரணை பலா மரத்தடியில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் தொரை. பக்கத்தில் தாளும் மையுமாக ஹெட்கிளார்க். நடுவில் நீங்கள். எதிரே ஊரார். கைக்குழந்தையாக இருந்த செல்லத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களோடு நானும் நின்றேன்.

“ஹேவ் தே எனி ரைட் ஹியர்?” என்றார் தொரை.

நீங்கள் ஊராரைப் பார்த்துச் சொன்னீர்கள்: “இந்த இடத்துல உங்களுக்கு உரிமை ஏதாச்சும் இருக்குதாங்கறார்.”

ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். கொங்காயி அக்காள் முன்னால் வந்தாள்.

“உரிமையுங்களா? அது பொண்ணு மேல மாமனுக்கு உண்டுங்க. தண்ணி மேல எவருக்குங்க உரிமை? சாமி குடுத்தது. குடிக்கறோம், அவ்வளவுதானுங்க.”

அவள் வேறெப்படிச் சொல்வாள்? உரிமை என்றால் இங்கே கல்யாணப் பேச்சில் வருகிற சொல். தாய்மாமன் வந்து உரிமையோடு நிற்பான், அது அவளுக்குத் தெரியும். மண்ணையும் நீரையும் தன் உரிமை என்று சொல்வது அவளுக்கு அகம்பாவமாகப் பட்டது. மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் அதை அப்படியே இங்கிலீஷாக்கினால், சுனையில் எங்களுக்கு ஒரு பாத்தியதையும் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஹெட்கிளார்க் பேனாவை மையில் தோய்த்துக் காத்திருந்தார்.

நீங்கள் அவளையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

“வெல்?” என்றார் தொரை.

ஹெட்கிளார்க் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: “அவ சொன்னதச் சொல்லுய்யா. வக்கீல் வேலை பாக்க வந்தியா நீ?”

அவரைப் பார்க்காமல் தொரையைப் பார்த்து இங்கிலீஷில் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்பதைப் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “ஐயா, இந்தக் கேள்வியை நான் சரியாகக் கேட்கவில்லை. உங்கள் ஒரு வார்த்தைக்கு எங்களிடம் நாலு வார்த்தை இருக்கிறது. நான் எடுத்த வார்த்தை இந்த மலையில் பெண் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் புழங்குவது. அதற்குத்தான் இந்த அம்மாள் பதில் சொன்னாள், நீங்கள் கேட்டதற்கு இல்லை. பதிலை எழுதுவதற்கு முன்னால் கேள்வியை வேறு மாதிரி கேட்க உத்தரவு கொடுங்கள்.”

தொரையின் முகம் சிவந்தது. கோபமா வெயிலா, தெரியவில்லை. மொழிபெயர்க்க வந்தவன் வழக்காடக் கூடாது என்றார். நீங்கள், “ஆமாம் ஐயா” என்றீர்கள். ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “ரைட்...” என்று இழுத்தார். உங்கள் முகாம் கதைகளில் எதிலும் வராத ரைட் அது. சரி என்று அர்த்தமில்லை, கிளம்பு என்றும் இல்லை. கொஞ்சம் பொறு, யோசிக்கிறேன் என்று அதற்கு அர்த்தம் என எனக்கே புரிந்தது. பிறகு கையை அசைத்தார். வேறு மாதிரியே கேள் என்பதாக.

நீங்கள் கொங்காயி அக்காள் பக்கம் திரும்பினீர்கள். குரல் நம் ஊட்டு வாசலில் பேசுகிற குரலாகிவிட்டது.

“அக்கா, இந்தச் சுனைக்கு யாரெல்லாம் வருவாங்க? மழைக்கு இடிஞ்சா யாரு கட்டறது? வெளியாளு வந்தா என்ன பண்ணுவீங்க? அதச் சொல்லுங்க.”

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. புதுப்பெண் வந்தால் முதல் குடம் இங்கேதான் எடுப்பாள் என்றாள். மழைக்குக் கரை சரிந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கல் அடுக்குவோம் என்றாள். இந்த மரம் என் மாமியா வெச்சது, அதோ அது அவிய மாமியா வெச்சது என்று விரலை நீட்டிக்கொண்டே போனாள். நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். தொரை பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

“வெளியாளுன்னா, ஆலத்தூர் நாட்டுக்காரவிய இந்தப் பக்கம் மாடு ஓட்டியாருவாங்க. எங்களக் கேட்டுட்டுத்தானுங்க தண்ணி காட்டுவாங்க. நாங்க வேணாம்னதில்ல. ஆனா கேக்காம எறங்க மாட்டாங்க.”

இதை நீங்கள் சொன்னதும் பென்சில் நின்றது. தொரை நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் யாரைக் கேட்பார்கள், எப்போதும் அப்படித்தானா, கேட்காமல் இறங்கினவர் உண்டா என்று மறுபடி மறுபடி கேட்டார். பிறகு ஹெட்கிளார்க் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். ஹெட்கிளார்க் மனமில்லாமல் எழுதத் தொடங்கினார்.

கொங்காயி அக்காள் என் காதில், “என்ன கண்ணு, தொரைக்கு மாடுன்னா இஷ்டமா?” என்றாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது நீங்கள்தான் விளக்கினீர்கள். அடுத்த நாட்டுக்காரர் வந்து உத்தரவு கேட்டால், உத்தரவு கொடுக்கிறவருக்கு அங்கே பாத்தியதை உண்டு என்றாகிறது. அவள் உரிமை என்ற சொல்லைச் சொல்லாமலே உரிமையைச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு இரண்டாம் முறை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

தொரை அடுத்த நாள் தானே நடந்து வந்து இடத்தைப் பார்த்தார். சுனைத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார். கல் சுனைக்கு மேலே ஏறியது. சுனையும் மரங்களும் ஊருக்கே நின்றன. மேல் சரிவு மட்டும் காட்டுக்குப் போய்விட்டது. அதற்கும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தீர்கள், நடக்கவில்லை. அந்த வருத்தம் உங்களுக்குக் கடைசி வரை இருந்தது. கொங்காயி அக்காள்தான், “தண்ணி நமக்கு நின்னுச்சு சாமி, புல்லு போனாப் போவுது, மாட்டை வேற பக்கம் பத்திக்கறோம்” என்று உங்களைத் தேற்றினாள்.

ஹெட்கிளார்க் அதற்குப் பிறகு உங்களோடு சரியாகப் பேசவே இல்லை. வேலை போகும் என்று நான் காத்திருந்தேன். போகவில்லை. தொரை மாற்றலாகிப் போகிற அன்று உங்கள் கையைப் பிடித்து, “யூ வேர் ரைட்” என்றாராம். ஊட்டுக்கு வந்து என்னைத்தான் கேட்டீர்கள்.

“இதுக்கு எந்தத் தமிழைப் போடறது மங்கா?”

“நீங்க சொன்னது சரிங்கறாரு. அவ்வளவுதானுங்களே?”

“சரி பத்தாது,” என்றீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று யோசித்தீர்கள். “நியாயம். நியாயம்னு போடலாம்.” உங்கள் முகத்தை அன்றைக்குப் போல நிறைவாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வார்த்தை மேல் எனக்குக் கோபம் வந்ததும் உண்டு. உங்களுக்கு மலைக்காய்ச்சல் முற்றிய போது கீழேயிருந்து டோலியில் டாக்டரை வரவழைத்தோமே. அவர் கம்பவுண்டரிடம், “ஹி வில் பி ஆல் ரைட்” என்றார். எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொன்னார். எனக்குப் புரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் தலைமாட்டில் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போய்விட்டீர்கள். புரியாமலே இருந்திருக்கலாமோ என்று வெகுநாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த வார்த்தையால் கொஞ்ச நேரமாவது அழாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு வேண்டியிருந்தது.

ஆபீஸ் ஊட்டைக் காலி செய்யச் சொன்னபோது உங்கள் அண்ணன் வந்தார். “வா அம்மிணி, நம்ம ஊட்டுக்குப் போலாம்” என்று நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். மூட்டையும் கட்டிவிட்டேன். கொங்காயி அக்காள் வழியில் வந்து நின்றுகொண்டாள். “எங்க கண்ணு போறே? சுனைக்குக் கீழே இடம் ஒதுக்கியாச்சு. கூரைக்குக் கம்பு வெட்டப் போயிருக்காங்க ஆம்பளைங்க,” என்றாள். ஊரே சேர்ந்து சுவர் வைத்துக் கூரை வேய்ந்து கொடுத்தது. உங்கள் அண்ணனும் மேல்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுப் புல் கட்டு எடுத்துக் கொடுத்தார். குச்சிக்கிழங்கு, நாலு மிளகுக் கொடி, இரண்டு கறவை என்று எனக்கும் காலம் நன்றாகவே ஓடுகிறது. சேலையும் எண்ணெயும் வாங்க இன்னொருவர் கையை எதிர்பார்க்கவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள் இல்லாததைத் தவிர.

நேற்றுக் காலை உங்கள் ரைட் கதைகளை எல்லாம் செல்லத்துக்குச் சொன்னேன். புதருக்குள் போன கதைக்கு உருண்டு உருண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “அம்மா, அப்பா ஒண்ணை உட்டுட்டாரு” என்றாள்.

“என்னது கண்ணு?”

“எழுதறதுக்கும் ரைட்டுதான். எழுத்துக் கூட்டறது வேற. வாயில சொன்னா ரெண்டும் ஒண்ணுதான்.”

சிலேட்டில் இரண்டையும் எழுதிக் காட்டினாள். என் கண்ணுக்கு இரண்டும் கோலம்தான். ஆனால் காதுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. ஏனுங்க, இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை நீங்கள்? தெரிந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தவர், இதை என்றைக்காவது கொண்டு வரலாம் என்று வைத்திருந்தீர்களா?

அதனால்தான் இன்றைக்கு அவளுடைய பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அஞ்சாவது வரை படித்த கை, இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மறுபடி அளக்க ஆட்கள் வரலாம் என்று ஊரில் பேச்சு அடிபடுகிறது. கொங்காயி அக்காளுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. எந்த மரம் யார் வைத்தது, எந்தக் கரையை யார் கட்டினார்கள், யார் யாரைக் கேட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, இந்த மழைக்காலம் முடிவதற்குள் அத்தனையும் எழுதிவிடுவேன். செல்லம் இங்கிலீஷில் எழுதட்டும், நான் தமிழில் எழுதுகிறேன். யார் வந்து எந்த வார்த்தையில் கேட்டாலும் பதில் இங்கே தயாராக இருக்கும். நீங்கள் நின்ற இடத்தில் நான் நிற்பேன்.

சுனைக்குக் கீழ் ஊட்டிலிருந்து,
உங்கள் ஊட்டுக்காரி, செல்லத்தின் அம்மா
மங்காயி